லங்காவியில் விழுந்த பனிக்கற்கள்

லங்காவிக்குப் போனவர்கள் அந்தப் படகுச் சவாரியை மறந்திருக்க மாட்டீர்கள். செனாங் கடற்கரையில் ஏறி, டாயாங் புந்திங் ஏரியில் ஒரு குளியல் போட்டு, பூலாவ் சிங்கா பெசார் பக்கம் கழுகுகளைப் பார்த்து, பெராஸ் பாசா மணலில் ஆடிவிட்டுத் திரும்புவோம். நானும் நான்கு முறை போயிருக்கிறேன். நான்கு முறையும் கழுகைத்தான் பார்த்தேன். அதற்குப் பின்னால் இருந்த கறுத்த பாறையைப் பார்க்கவில்லை.

ஐந்தாவது முறை, பள்ளி விடுமுறையில், அக்காள் மகனை அழைத்துக்கொண்டு போனேன். நான்காம் ஆண்டு படிக்கிறான். ஒரு மாதமாகவே பையன் சரியாக இல்லை. பந்து விளையாட்டில் வந்த சண்டையில் கூட்டாளி ஒருவன், "பாலிக் இந்தியா!" என்று கத்திவிட்டானாம்.

"நாம எங்கேருந்து மாமா வந்தோம்?" என்று கேட்டான். நாகப்பட்டினம், ரஜூலா கப்பல், பினாங்குத் துறைமுகம், ரப்பர் தோட்டம் என்று நம் வீடுகளில் சொல்லும் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ அவன் சொன்னது சரிதானா?" என்றான். வானொலியில் மணிக்கணக்கில் பேசிப் பிழைக்கிறவன் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை.

படகோட்டி வயதான பாக்சிக். கழுகுக் கூட்டத்தைத் தாண்டியதும், "பழைய கல் பார்க்கிறீர்களா?" என்று மலாயில் கேட்டு, தெற்கே ஒரு சின்னத் தீவின் ஓரமாக ஒதுக்கினார். கடல் வற்றியிருந்த நேரம். அலை அடித்து அடித்துப் பாறையின் அடிப்பகுதி உள்வாங்கியிருந்தது. அதற்கு மேலே சாம்பலும் கறுப்புமாய் மெல்லிய அடுக்குகள், கட்டிப் போட்ட பழைய நாளிதழ்களைப்போல் சாய்ந்து கிடந்தன. ஒரு காலத்தில் கடலடிச் சேறாக இருந்து இறுகிய பாறை அது.

அந்தச் சேற்றுப் பாறைக்குள் சம்பந்தமே இல்லாமல் கற்கள் பதிந்திருந்தன. ஒன்று நிலக்கடலை அளவு, இன்னொன்று கைமுட்டி அளவு. பெரிய கல்லுக்குக் கீழே இருந்த வரிகள் தூளிபோல் வளைந்திருந்தன. மேலே இருந்த வரிகள் போர்வைபோல் அதை மூடியிருந்தன. மேலிருந்து 'தொப்' என்று சேற்றில் விழுந்த கல் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

நடுக்கடலில் கல் எங்கிருந்து விழும்? பனிக்கட்டியிலிருந்து! ஏறக்குறைய 30 கோடி ஆண்டுகளுக்கு முன், லங்காவி இருக்கும் இந்த நிலத்துண்டு தெற்கே, கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில், இன்றைய ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பகுதியை ஒட்டி இருந்தது. நிலத்தை மூடியிருந்த பனி, கற்களைப் பெயர்த்துக்கொண்டு கடலில் இறங்கியது. மிதந்த பனிப்பாறை உருக உருக, சுமந்து வந்த கற்கள் கீழே விழுந்தன. ஐஸ் காச்சாங்கில் மேலே தூவிய கடலை, ஐஸ் கரையக் கரையக் கிண்ணத்தின் அடிக்கு இறங்குமே, அதைப்போல. இந்தப் பாறைகளுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே 'சிங்கா' படிவம்தான்.

"லங்காவியில ஐஸா?" பையனுக்குக் கண் விரிந்தது. ஒரு கல்லை நோண்டி எடுக்கப் பார்த்தான். "படம் மட்டும் எடு தம்பி" என்று பாக்சிக் தடுத்தார். 2007இல் யுனெஸ்கோவின் அங்கீகாரம் பெற்ற புவிப்பூங்கா இது, தென்கிழக்காசியாவிலேயே முதலாவது.

கதை அங்கே முடியவில்லை. ஏறக்குறைய 28 கோடி ஆண்டுகளுக்கு முன், அந்தத் துண்டு கோண்டுவானாவிலிருந்து பிய்த்துக்கொண்டு வடக்கே புறப்பட்டது. அதற்கு சிபுமாசு என்று பெயர். சீனா, சயாம், பர்மா, மலாயா, சுமத்திரா ஆகிய பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்தது. வழியில் வெதுவெதுப்பான கடலைக் கடந்தபோது சுண்ணாம்புக்கல் படிந்தது. டாயாங் புந்திங் ஏரியைச் சுற்றி நிற்கும் பாறை அதுதான். கீழே பனிக்கல், மேலே சுண்ணாம்புக்கல். ஒரே படகுச் சவாரியில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

பிறகு, 20 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே, அந்தத் துண்டு இன்னொரு துண்டோடு மோதி ஒட்டிக்கொண்டது. தைத்த தழும்பு இன்றும் பெந்தோங், ரவுப் வழியாக ஓடுகிறது. காராக் நெடுஞ்சாலையில் கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறோம். நம் தித்திவங்சா மலைத்தொடரும், ஈப்போவை ஊராக்கிய ஈயமும் அந்த மோதலோடு வந்தவை.

இந்தியாவும் அதே கோண்டுவானாவில்தான் இருந்தது. ஒடிசாவின் தால்சீரிலும் அதே பனிக்காலம் விட்டுப்போன கற்கள் உண்டு. சிபுமாசு முதலில் கிளம்பிவிட்டது. இந்தியா வெகு காலம் கழித்துத்தான் ஆசியாவை வந்து முட்டியது.

படகில் திரும்பும்போது இதையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "அப்போ இந்த இடமே வேற எங்கேருந்தோ வந்ததுதான்."

"ஆமாம்டா. அந்தக் கல்லும் வந்ததுதான். ஆனா இப்ப அதை எடுத்துட்டா பாறையில பள்ளம் விழுந்திடும்."

முப்பது கோடி ஆண்டுக் கணக்கு, விளையாட்டுத் திடலில் பட்ட காயத்துக்கு மருந்தாகுமா என்று எனக்குத் தெரியாது. குடியுரிமை, வேலை, படிப்பு என்று பெரியவர்கள் பேச வேண்டியவற்றைக் கல் வந்து பேசிவிடாது. ஆனால் 'வந்தவன்' என்ற சொல்லுக்கு முன்னால் தலைகுனிய வேண்டியதில்லை என்பதை ஒரு பிள்ளைக்குக் காட்ட, அன்று அந்தப் பாறை எனக்குக் கை கொடுத்தது.

பள்ளி திறந்த வாரம் அக்காள் தொலைபேசியில் கூப்பிட்டார். பையன் அந்தப் படத்தை அச்செடுத்துப் பள்ளிக்குக் கொண்டு போயிருக்கிறான். சண்டை போட்ட அதே கூட்டாளிதான் முதலில் வாங்கிப் பார்த்து, "டைனோசர் முட்டையா?" என்று கேட்டானாம். இவன் உட்கார்ந்து, ஐஸ் காச்சாங்கிலிருந்து தொடங்கி, எல்லாவற்றையும் அவனுக்கு விளக்கியிருக்கிறான்.

அடுத்த முறை லங்காவி போனால், கழுகைப் பார்த்த பிறகு, படகை ஐந்து நிமிடம் கரையோரமாக ஒதுக்கச் சொல்லுங்கள்.