கடற்காவலுக்கும் களத்துப் பங்கு

தாமிரவருணிப் பாசனத்தில் மடைக்குடும்பன் என்னும் ஊழியனைப் பற்றிக் கேள்விப்படாத குடியானவர் இரார். நள்ளிரவில் மடையைத் திறந்தும் அடைத்தும், வரப்பு உடைந்த இடத்தில் மண்ணைத் தள்ளியும், ஒருவர் பங்கு நீரை மற்றொருவர் கவராதபடி பார்த்தும் வந்தவன் அவன். அவனுக்குரிய ஊதியம் எந்தக் கஜானாவிலிருந்தும் வரவில்லை. அறுவடைக் களத்தில், நிலத்துக்குடையவர் தம் நெல்லை அளந்து வீடு சேர்ப்பதற்கு முன்னரே, இத்தனை கோட்டைக்கு இவ்வளவு என்று அவனுக்குரிய சுதந்திரம் அளந்து வைக்கப்பட்டது. விளைச்சல் மிகுந்தால் அவன் பங்கும் மிகும், குறைந்தால் குறையும். ஆனால் காவலே நின்றுபோன வருஷம் என்று ஒன்று இருந்ததில்லை. இம்முறை இப்போது பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டபோதிலும், அதிலுள்ள நியாயத்தை நன்செய்க்காரர் எவருக்கும் விளக்க வேண்டுவதில்லை.

கடலிலும் இதே முறை இருந்தது என்பது பலருக்கு வியப்பாயிருக்கலாம். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இக்கடல்வழியே சென்ற மார்க்கோ போலோ, மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பைப் பற்றி எழுதுகையில், எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறா முதலிய பெருமீன்கள் குளியாட்களைத் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாகக் குறித்திருக்கிறார். பிற்காலத்திலும் தூத்துக்குடிச் சலாபங்களில் கடல்கட்டி என்பவனுக்குச் சிப்பியில் பங்கு உண்டு. மந்திரத்துக்குச் சுறா கட்டுப்பட்டதா என்பது வேறு விஷயம். காவல் செய்பவனுக்குக் கடலின் விளைவிலிருந்தே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையில் மட்டும் அக்காலத்தவருக்கு ஐயம் இருந்ததில்லை.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஆம் வருஷத்தோடு நின்றுவிட்டது. சிப்பி எடுப்பு நின்றதென்பதால் கடலுக்குக் காவல் வேண்டாமென்று ஆகிவிடவில்லை. அதற்கு மாறாக, காவலின் தேவை அதன்பின் பன்மடங்கு பெருகிற்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் வரிசையாகக் கிடந்த 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. இவற்றைப் பெயர்த்துக் கட்டடத்துக்கும், சுண்ணாம்புக்கும், தொழிற்சாலைகளின் தேவைக்குமாகப் படகு படகாகக் கரைசேர்த்தனர். 1986-இல் இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. பவளம் 2001-இல் வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆயினும் பவளம் வெட்டுதல் அடியோடு ஓய்ந்தது, 2004 டிசம்பர்ச் சுனாமிக்குப் பின்னர், 2005-இல்தான். அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் மறைந்துபோயின. தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவு தன் நிலத்தின் பெரும்பகுதியை இழந்து, 2015 முதல் அதைச் சுற்றிச் செயற்கைத் திட்டுகள் இறக்கி எஞ்சியதைக் காக்கும் நிலை ஏற்பட்டது. காரைச்சல்லித் தீவும் சுருங்கி வருகிறது. வெட்டியெடுத்த பவளத்தின் விலையையும், இன்று தீவைக் காப்பதற்கு ஆகும் செலவையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கு, விதைநெல்லைக் குத்தித் தின்ற கதை நினைவுக்கு வரும்.

இதில் குடியானவருக்கு என்ன என்று கேட்கலாம். தீவும் பாறையும் அலையின் வேகத்தை வாங்கிக்கொள்ளும் வெளிவரப்புகளாகும். அவை தேய்ந்தால் கரை அரிக்கும். கரை அரித்தால் உவர்நீர் உள்ளே வரும். ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, ஆற்றூர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்போர்க்கும் வாழை பயிரிடுவோர்க்கும் கிணற்று நீர் கரிப்பதன் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுபக்கத்தையும் ஒளிக்காமல் சொல்வது நலம். வயலில் அளவுக்கு மிஞ்சி இடும் யூரியா வடிகால் வழியே புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. அங்கே பாசியை வளர்க்கிறது. பாசி பவளத்தை மூடுகிறது. ஆகவே, கடற்காவலில் குடியானவர் அயலார் அல்லர். பயனும் பெறுகின்றனர், கெடுதியிலும் கொஞ்சம் பங்குடையவர்.

இப்போது காவல் செய்பவர் யாவர்? வனத்துறையில் உத்தியோகஸ்தர்கள் இருக்கின்றனர். கடலோரப் போலீஸாரும் இருக்கின்றனர். ஆனால் நடுநிசியில் எந்தப் படகு எந்தத் தீவின் மறைவில் நிற்கிறது, கடலட்டை எடுப்பவன் எந்தத் துறையில் கரையேறுவான் என்பவற்றை மீனவக் குடியில் பிறந்தவனே அறிவான். கடலட்டை பிடிப்பது 2001 முதல் தடுக்கப்பட்டிருந்தும் கள்ளக்கடத்தல் ஓயவில்லை. இதை உணர்ந்தே கரையோர இளைஞர்கள் வேட்டைத் தடுப்புக் காவலர்களாக அமர்த்தப்பட்டனர். நல்ல ஏற்பாடு. குறை அவர்களுடைய திறமையில் இல்லை. அவர்களுக்குரிய பணம் வரும் வழியில் இருக்கிறது.

2000-இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை ஏற்பட்டது. உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் உதவியும் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையும் கிடைத்தன. இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமங்களில் குழுக்கள் அமைந்து சுழல்நிதியும் வழங்கப்பெற்றது. ஆயினும் திட்டப் பணம் என்பது கோடைமழை போன்றது. பெய்யும்போது கண்மாய் நிறையும், அடுத்த வருஷத்துச் சாகுபடியை அதை நம்பி வைக்க முடியாது. திட்டம் முடிந்த தேதியில் கள்ளப்படகுகள் முடிவதில்லை.

கடல் கடந்த உதாரணம் ஒன்று இங்கே பொருந்தும். கரீபியன் கடலில் பொனேர் என்ற சிறு தீவில் 1979-இல் கடற்பூங்கா அமைத்தனர். நன்கொடைப் பணம் தீர்ந்தது, காவலும் தீர்ந்தது, பூங்கா சில வருஷங்கள் காகிதத்தில் மட்டும் இருந்தது. 1992-இல், அங்கே மூழ்கிப் பார்க்க வரும் ஒவ்வொருவரிடமும் வருஷத்துக்கு 10 டாலர் வாங்கத் தொடங்கினர். அதன் பிறகு காவலர் சம்பளத்துக்குப் பிறர் கையை எதிர்பார்க்கும் அவசியம் நீங்கிற்று. மன்னார்த் தீவுகளில் யாத்ரீகரை இறக்கிக் கட்டணம் வாங்குவது தகாது. மக்கள் காலடியிலிருந்து காப்பதற்காகவே அவை ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஆயின், இங்கே கடலால் பயன்பெறுவோர் வேறு பலர் உண்டு.

முதலாவது துறைமுகம். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 2023-24-இல் 4 கோடி டன்னுக்கு மேற்பட்ட சரக்கைக் கையாண்டது. டன் ஒன்றுக்கு 10 பைசா ஒதுக்கினால் 40 லட்சம் ரூபாய் சேரும். காவலர் ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 16 பேருக்கு வருஷ முழுதும் சம்பளம் கொடுக்கலாம். டன்னுக்குப் 10 பைசாவால் எந்த வியாபாரியும் வேறு துறைமுகம் தேடிப் போகமாட்டார். அடுத்து உப்பளங்களும், கடல்நீரை எடுத்துக் குளிர்விப்புக்குப் பயன்படுத்தும் ஆலைகளும். விசைப்படகு உடையோரும் கொடுக்க வேண்டியவர்களே. எனினும் வருஷத்தில் 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கட்டிவைப்பவர்கள் அவர்கள் என்பதை நினைத்து, அந்நாட்களில் அவர்கள் படகையே வாடகைக்கு அமர்த்திக் காவலுக்கு விடுவது அவர்களிடம் வரி கேட்பதைவிட உசிதமாகும். நாட்டுப்படகுக்காரரிடம் ஒரு காசும் கேட்கலாகாது. காவலுக்கு ஆள் கொடுப்பதே அவர்கள் பங்கு.

கடைமடை நிலத்துக்காரர் பங்கு சிறிதாகவே இருக்கட்டும். அறுவடையில் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல்லின் விலை போதும்; வாழைக்கும் கொடிக்காலுக்கும் அதற்கு ஈடானது. மழையும் வெள்ளமும் கெடுத்த வருஷத்தில் அதையும் தள்ளிவிட வேண்டும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழையில் விளைச்சலை இழந்தவரிடம் போய்க் கையேந்துவது அடாது.

வெயிலின் கொடுமையைக் காவலர் தடுக்க முடியாது. 2010-லும் 2016-லும் நீர் சூடேறிப் பவளம் வெளுத்தபோது காவலரால் ஆவதொன்றும் இருந்ததில்லை. அதைச் சொல்லி நிதி வேண்டாமென்பாரும் உண்டு. வறட்சியைத் தடுக்காத மடைக்குடும்பனை அதற்காக எந்த ஊரும் நீக்கியதில்லை. வெளுத்த பவளம் மீண்டும் தளிர்க்கக்கூடியது. பெயர்த்துப் படகில் ஏற்றிய பவளம் தளிர்ப்பதில்லை.

மற்றோர் ஆட்சேபம் வலுவுடையது. பொதுப்பணம் சேர்ந்தால் அது எங்கே போயிற்று என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது. கண்மாய் மராமத்துக் கணக்குகளில் நொந்தவர்கள் இவ்விஷயத்தில் சந்தேகப்படுவதில் பிழையில்லை. ஆகையால் நிதியை எந்த இலாகாவின் பொதுக் கணக்கிலும் கலக்காமல், தனிக் கணக்கில் வைத்தல் வேண்டும். கரையோர ஊராட்சிகளிலும் பாசன ஊராட்சிகளிலும், ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கூடும் கிராமசபைகளில், வந்த தொகை, சம்பளம் பெற்றவர் பெயர், கடலில் காவல் சென்ற இரவுகளின் எண்ணிக்கை ஆகிய மூன்றையும் உரக்க வாசிக்க வேண்டும். இதைத் தொடங்கி வைப்பதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஸ்ரீவைகுண்டம் வட்டத்திலும் திருச்செந்தூர் வட்டத்திலும் உள்ள பாசன சங்கத் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களும், புன்னைக்காயல் மீனவப் பெரியவர்களை ஒரு நாள் அழைத்து உட்கார்ந்து பேசினால், பிசான அறுவடைக்குள் முதல் வருஷத்துப் பட்டியலைத் தயாரித்துவிடலாம்.