வாரத்தில் மூன்றரை நாள் விமானம்

2054ஆம் ஆண்டு. அமெரிக்கா தன் ராணுவ பட்ஜெட் முழுவதையும் கொட்டினாலும் ஒரே ஒரு போர் விமானம்தான் வாங்க முடியும். அதை விமானப்படையும் கடற்படையும் ஆளுக்கு மூன்றரை நாள் என்று முறை வைத்து ஓட்ட வேண்டும். லீப் வருடத்தில் ஒரு நாள் கூடுதலாக வருகிறதே, அன்று மட்டும் மரைன் படைக்கு!

சொன்னது கிண்டலாகத்தான். ஆனால், கணக்கு கற்பனை இல்லை. விமான விலை ஏறும் வேகத்தையும் பட்ஜெட் ஏறும் வேகத்தையும் இரண்டு கோடுகளாக வரைந்து, அவை எங்கே முட்டுகின்றன என்று பார்த்தார் நார்மன் அகஸ்டின். அப்போது அவர் வேலை பார்த்தது, அதே ராணுவத்துக்கு ஏவுகணை விற்ற மார்ட்டின் மரியெட்டா நிறுவனத்தில். விற்கிறவரே விலையைக் கேலி செய்வது எத்தனை கடையில் நடக்கும்?

1935ல் டென்வர் நகரில் பிறந்தவர். பிரின்ஸ்டனில் விமானப் பொறியியல் படிப்பு, டக்ளஸ் நிறுவனத்தில் வேலை, பிறகு பென்டகன். மறுபடி கம்பெனி, மறுபடி அரசு. இப்படி வாங்கும் பக்கமும் விற்கும் பக்கமும் மாறி மாறி உட்கார்ந்தவர். அவருடைய பலமும் இதுதான், அவர் மீது மற்றவர்களுக்கு வந்த சந்தேகமும் இதனால்தான்.

1993ல் பென்டகனில் ஒரு விருந்து. பனிப்போர் முடிந்துவிட்டது, இத்தனை கம்பெனிகளுக்கு இனி ஆர்டர் கிடையாது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு ‘கடைசி இராப்போஜனம்’ என்று பெயர் வைத்தவர் அகஸ்டின். 1995ல் லாக்ஹீடும் மார்ட்டின் மரியெட்டாவும் ஒன்றாயின. ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. இணைப்புச் செலவில் ஒரு பங்கை அரசே ஏற்றதை அமெரிக்க எம்.பி.க்கள் சிலர் கடுமையாக எதிர்த்தார்கள்.

1997ல் தலைமைப் பொறுப்பை விட்டார். அதன் பிறகுதான் ஆலோசகர் வேலை மும்முரமானது. சி.ஐ.ஏ.வுக்காகப் புதிய தொழில்நுட்பக் கம்பெனிகளைத் தேடி முதலீடு செய்யும் இன்-க்யூ-டெல்லை உருவாக்க உதவினார். 2005ல் அவர் தலைமையிலான குழு, நாட்டின் தொழில்நுட்ப வலிமையைக் காப்பாற்ற 20 யோசனைகள் சொன்னது. அதில் முதல் வரிசையில் வந்தது விமானமும் இல்லை, ராக்கெட்டும் இல்லை. ஆண்டுதோறும் 10,000 அறிவியல், கணித ஆசிரியர்களைச் சேர்க்க வேண்டும் என்பதுதான். 2012ல் அன்டார்டிகா ஆய்வு நிலையங்களின் நிர்வாகம் பற்றிய குழுவுக்கும் அவர்தான் தலைவர்.

பெரிய சோதனை 2009ல் வந்தது. மனிதரை மறுபடி நிலவுக்கு அனுப்பும் நாசாவின் ‘கான்ஸ்டலேஷன்’ திட்டம் தேறுமா என்று கேட்டது ஒபாமா அரசு. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடும் குழுவில் இருந்தார். கொடுக்கிற பணத்துக்கு இந்தக் கனவு கட்டுப்படியாகாது என்று எழுதிக் கொடுத்தார்கள். பூமியைச் சுற்றும் நிலையத்துக்கு வீரர்களை ஏற்றிச் செல்வதைத் தனியாரிடம் விடலாம், தொலைவுப் பயணம் வேண்டுமானால் ஆண்டுக்குச் சுமார் 300 கோடி டாலர் கூடுதலாகக் கொடுங்கள் என்றார்கள்.

2010ல் திட்டத்தைக் கைவிடுவதாக ஒபாமா அறிவித்தார். 2020ல் தனியார் கலமான ஸ்பேஸ் எக்ஸ் டிராகனில் வீரர்கள் போய்ச் சேர்ந்தார்கள். அந்தக் கூடுதல் 300 கோடி மட்டும் வரவே இல்லை.