அரை டிராயருக்கு அனுமதி இல்லை!

ஆள் பாதி, ஆடை பாதி என்பார்கள். இத்தாலியின் மிலான் நகரில் ஆடை சரியில்லை என்றால் ஆளே உள்ளே போக முடியாது!

அங்குள்ள "லா ஸ்காலா" அரங்கம் 1778-ல் திறக்கப்பட்டது. "ஓபரா" என்னும் இசை நாடகத்துக்கு உலகப் புகழ் பெற்ற இடம். அரை டிராயர், கையில்லாத பனியன், ரப்பர் செருப்புடன் வந்தால் வாசலிலேயே தடுத்து விடுவார்கள். டிக்கெட் பணமும் வாபஸ் கிடையாது! 2025 ஜூலையில் இதை மறுபடியும் கண்டிப்பாகச் சொன்னார்கள்.

பகலெல்லாம் வெயிலில் ஊர் சுற்றிய பயணி, அப்படியே வந்து நின்றால் பணம் போச்சு!

இது அநியாயமா? இல்லை. பாடுகிறவர்கள் வருடக்கணக்கில் பழகி மேடை ஏறுகிறார்கள். கேட்க வருகிறவர் ஒரு முழுக்கால் சட்டை போடக் கூடாதா?

ஆனால் ஒன்று. ஒழுங்கான உடை வேறு. விலை உயர்ந்த உடை வேறு. டிசம்பர் 7-ந்தேதி தொடக்க விழாவுக்குச் சீமான்கள் கோட்டும் வைரமுமாக வரட்டும். மற்ற நாளில் உச்சி மாடி கேலரிக்காரருக்குத் துவைத்து இஸ்திரி போட்ட சட்டை போதும்.

சீமான் காதும் ஏழை காதும் ஒன்றுதான். வாசலில் பார்க்க வேண்டியது ஒழுங்கை. துணியின் விலையை அல்ல!