நீர் குடிக்காத நுரை என்னும் நம்பிக்கை

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைந்த பழைய ஃபைபர் படகுகளைச் செப்பனிடுவோரிடையே, "மூடிய கண்ணறை நுரை நீரை உறிஞ்சாது, ஊற்றி நிரப்பிவிட்டால் கவலையில்லை" என்னும் வாசகம் பல்லாண்டுகளாக ஆராயப்படாமலே வழங்கி வருகிறது. ஒவ்வொரு குமிழியும் தனித்தனிச் சுவரால் அடைபட்டிருப்பதே மூடிய கண்ணறை நுரை. இரு நீர்மங்களைக் கலந்து தளத்துக்கு அடியில் ஊற்றியதும் பன்மடங்கு பொங்கி இறுகும் பாலியூரித்தேன் அவ்வகையைச் சேர்ந்தது.

இத்தகைய நுரை நிரப்பிய பாஸ்டன் வேலர் படகின் நிறுவனர் டிக் ஃபிஷர் அதில் அமர்ந்திருக்கும்போதே அது இரண்டாக அறுக்கப்பட்டதைக் காட்டி 1961இல் லைஃப் இதழில் வந்த படம் இதற்குச் சான்றாக நீட்டப்படுகிறது. அறுக்கப்பட்டது புதுப் படகு என்பதோடு அந்த வாதம் தீர்ந்துவிடுகிறது.

அரசு விதியே இந்நுரையை ஏற்கிறது என்போர் அவ்விதியைப் படித்தவர்களாகத் தோன்றவில்லை. கடலோரக் காவல்படை விதிகள் மிதவைப் பொருளுக்கு வகுத்துள்ள சோதனைகள், பெட்ரோலிலும் அதன் ஆவியிலும் படகின் அடியில் தேங்கும் எண்ணெய்க் கசடு போன்றவற்றிலும் 24 மணி நேரமோ 30 நாளோ வைத்த பிறகு மிதப்பாற்றல் 5 விழுக்காட்டுக்கு மேல் குறையக் கூடாது என்கின்றனவே தவிர, இருபது ஆண்டுகள் தேங்கிய நீரில் ஊறும் நுரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

அந்த ஊறல்தான் உண்மையான கேடு. இருக்கைத் திருகாணித் துளைகள் வழியே இறங்கும் மழைநீர், வடிகால் இல்லாமையால் நுரைக்கும் படகுடலுக்கும் இடையே தங்கி, மெல்லிய குமிழிச் சுவர்களை ஆவியாகக் கடந்து உள்ளே குளிர்ந்து மீண்டும் நீராகிறது. உறைபனிக் காலம் அச்சுவர்களை உடைக்கவும் செய்கிறது. அத்தகைய தளத்தை அறுத்துத் திறந்தால், மேல்நுரை உலர்ந்து வெளிர்மஞ்சளாயிருக்க, அடியிலிருந்து வெட்டியெடுத்த கட்டியோ பழுப்பேறி, அழுத்தியதும் விரலிடுக்கில் நீரைக் கக்கும். அதையொட்டிய ஒட்டுப்பலகைத் தாங்கிகள் நகத்தால் கீறினாலே பெயர்ந்து வரும். ஒரு லிட்டர் நுரையின் எடை ஏறக்குறைய 32 கிராம்தான் என்னும் விற்பனையாளரின் கணக்கு உலர்ந்த நுரைக்கே பொருந்தும்: 400 லிட்டர் நுரையில் ஐந்தில் ஒரு பங்கு இடத்தை நீர் பிடித்துக்கொண்டால், இறங்க மறுக்கும் 80 கிலோ பயணி ஒருவரைப் படகு நிரந்தரமாகச் சுமக்கிறது.

நுரை படகுடலை விறைப்பாக்கும் என்பது மெய்யே எனினும், அழுகிய தாங்கிக்கு அது மாற்றாகாது.

நீர் புகுந்த படகு கவிழாமல் நிமிர்ந்து மிதக்க வேண்டுமெனில், மிதவைப் பொருளின் பெரும்பகுதி அடித்தளத்தில் அன்றி விளிம்பையொட்டிப் பக்கவாட்டில் உயரத்தில் அமைய வேண்டும்; கழற்றிப் பார்க்கத்தக்க பாலிஎத்திலீன் நுரைப் பலகைகள், கீழே நீர் வடிய இடைவெளியுடன், அவ்விடத்துக்கு ஏற்றவை. மலிவு கருதித் தெர்மாகோலைத் திணிப்பது தகாது. பெட்ரோலும், பாலியெஸ்டர் பிசினில் கலந்துள்ள ஸ்டைரீனும் அதைக் கரைத்துவிடும்.