மோட்டார் போடும் நேரம்

போன மாதம் என் தங்கை மகன் சென்னையிலிருந்து பூதலூருக்கு வந்திருந்தான். மின்சாரம் சம்பந்தமான ஆராய்ச்சி வேலை பார்க்கிறான். திண்ணையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். நடுப்பகலில் சூரிய மின்சாரம் மலைபோல் ஏறி நிற்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்குச் சரிந்து விழுகிறது. அது விழுகிற நேரம் பார்த்துத்தான் வீடுகளில் விளக்கு, ஃபேன், ஏசி எல்லாம் போடுகிறார்கள்.

"இந்தச் சரிவை எப்படிச் சமாளிக்கிறதுன்னு கணக்குப் போடுறதுதான் மாமா எங்க வேலை. ஃபிளெக்சிபிலிட்டின்னு சொல்லுவோம்."

"வளைஞ்சு கொடுக்கிறதுன்னு சொல்லு, புரியும்" என்றேன்.

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவன் போடும் கணக்கின் சூட்சுமம் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. டெல்டாக்காரர்கள் யாருக்கும் புதிதாக இருக்காது. காவிரி வழக்கில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நமக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது. அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு குறுவை சாகுபடி செய்ய முடியுமா? ஜூனில் எவ்வளவு, ஜூலையில் எவ்வளவு என்று மாதவாரியாக வந்தால்தான் பிரயோஜனம். நவம்பரில் வெள்ளமாக வந்து கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிற தண்ணீரை நாற்றங்காலுக்குக் கொண்டுவர முடியாது.

மின்சாரமும் அப்படித்தான். தண்ணீரையாவது மேட்டூரில் 120 அடிக்குத் தேக்கி வைக்கலாம். மின்சாரத்தை அப்படிப் பெரிய அளவில் தேக்குவது செலவு பிடித்த காரியம். உற்பத்தியும் செலவும் அந்தந்த நொடியில் சமமாக இருக்க வேண்டும். அதனால் இவர்கள் வருஷக் கணக்கு, மாதக் கணக்கோடு நிற்பதில்லை. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் வெயில் எவ்வளவு, காற்று எவ்வளவு, தேவை எவ்வளவு என்று கணினியில் போட்டுப் பார்க்கிறார்கள். எங்கே இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

தமிழ்நாட்டுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் காற்றாலை வைத்து ஆரம்பித்தோம். இன்று காற்றாலைகளின் திறன் மட்டும் 10,000 மெகாவாட்டுக்கு மேல். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் வந்த சூரிய மின்நிலையம் ஒன்றே 648 மெகாவாட். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மே மாதத்திலிருந்து செப்டம்பர் வரைதான் நன்றாக அடிக்கும். அந்தச் சமயத்தில் மின்சாரம் மிஞ்சிப்போய், காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அதன் உரிமையாளர்கள் வழக்குவரை போனதும் உண்டு. நிலக்கரி நிலையத்தை நினைத்த நேரத்தில் அணைத்து நினைத்த நேரத்தில் ஏற்ற முடியாது. ஆறிய கொதிகலன் மறுபடி சூடேறப் பல மணி நேரம் ஆகும்.

தேக்கி வைக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனைமலைப் பக்கம் காடம்பாறையில் 1980களின் கடைசியிலிருந்தே 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் உண்டு. மிஞ்சிய மின்சாரத்தால் கீழ் அணையிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி மின்சாரம் எடுப்பார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்றைத் தொடங்கினார்கள். பெரிய பேட்டரிகளும் வருகின்றன. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டின் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. அதற்கு முன்னால் இந்த நானூறும் ஐந்நூறும் எவ்வளவு?

எனக்குத் தோன்றுவது இதுதான். நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெரிய சேமிப்புக் கிடங்கு இருக்கிறது. அது நம்முடைய வயல்.

தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் அதிகமான விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. நட்டு வேர்பிடித்த நெல்லுக்குத் தண்ணீர் காலை பத்து மணிக்குப் பாய்ந்தால் என்ன, இரவு பத்து மணிக்குப் பாய்ந்தால் என்ன? வரப்புக்குள் தண்ணீர் நின்றால் போதும். சாயங்காலம் விளக்கைப் போடாதே என்று யாரிடமும் சொல்ல முடியாது. ஆனால் மோட்டாரை நடுப்பகலுக்கு நகர்த்தலாம். வெயில் மின்சாரம் கொட்டிக் கிடக்கும் நேரத்தில் இறைத்து நிறுத்திய தண்ணீர், ஒரு வகையில் சேமித்து வைத்த மின்சாரம்தானே?

இத்தனை வருஷம் இது தலைகீழாக நடந்தது. மும்முனை மின்சாரம் பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று மணி நேரம் என்று முறை வைத்து வந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். இரவு மின்சாரம் வருகிற நேரத்துக்கு டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வரப்பில் நடப்போம். எங்கள் தெருக்காரர் ஒருவரை அப்படிப் போன இடத்தில் கட்டுவிரியன் தீண்டியது. தஞ்சாவூர் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது. அவர் போட வேண்டிய மோட்டாரை மறுநாள் பகலில் போட்டிருந்தால் பயிர் ஒன்றும் வாடியிருக்காது. அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அதை நினைத்துக்கொள்வேன்.

பகலில் விவசாயத்துக்குச் சூரிய மின்சாரம் என்பது வெறும் கனவும் இல்லை. குஜராத்தில் 2003-லேயே வயலுக்குப் போகும் மின்பாதையையும் வீடுகளுக்குப் போகும் மின்பாதையையும் பிரிக்கத் தொடங்கினார்கள். மகாராஷ்டிரத்தில் 2017 முதல், விவசாய மின்பாதைகளுக்குப் பக்கத்திலேயே சூரிய மின்நிலையம் வைத்துப் பகலில் மின்சாரம் தரும் திட்டத்தை நடத்துகிறார்கள். நமக்கு இன்னும் பொருத்தம் கூட. மேட்டூர் திறக்கும் முன் போரை நம்பிக் குறுவை நாற்று விடுகிற காலமும் காற்றும் வெயிலும் சேர்ந்து கிடைக்கிற காலமும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடி, காற்றும் படுத்துவிடும்போது அடைமழையில் மோட்டாருக்கு வேலையே இருக்காது.

இதைச் சொன்னதும் மருமகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "விவசாய லோடை அப்படியே பதினோரு மணிக்கு நகர்த்திடலாம் மாமா" என்றான்.

"அவசரப்படாதே" என்றேன்.

முளைகட்டிய விதையைத் தெளித்த நாற்றங்காலில் உச்சி வெயிலில் தண்ணீர் தேங்கினால் முளை வெந்துபோகும். நடவுக்கு ஆள் காலையிலேயே வந்துவிடுவார்கள். முதல் நாளே தண்ணீர் கட்டியிருக்க வேண்டும். எல்லாரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறோம். மின்சாரம் வந்த நொடியில் ஊர் மோட்டார் மொத்தமும் ஒன்றாக எழுந்தால் டிரான்ஸ்பார்மர் தாங்காது. தலைமடை, நடுமடை, கடைமடை என்று வாய்க்காலில் முறை வைப்பதுபோல் இதற்கும் முறை வேண்டும். அவனுடைய கணினியில் விவசாயி ஒரு எண். அந்த எண்ணுக்கு நாற்றங்கால் எது, நட்ட வயல் எது என்று தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பகலெல்லாம் மின்சாரம் தாராளமாக வந்தால் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நிலத்தடி நீர் இன்னும் கீழே போகும். நெல்லுக்குப் பேர்போன பஞ்சாபில் 2018-ல் ஒரு சோதனை செய்தார்கள். இலவச மின்சாரத்தைப் பறிக்காமல், விவசாயி மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்கில் போட்டார்கள். நாமும் யோசிக்க வேண்டிய வழி அது.

மீட்டர் என்றாலே நம் ஆட்களுக்குச் சந்தேகம் வரும். அதில் நியாயமும் இருக்கிறது. 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் மின்கட்டணத்தை எதிர்த்துப் போராடியபோது துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்திருக்கிறார்கள். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைத்த இலவச மின்சாரத்தை அவர்கள் சும்மா வாங்கவில்லை. அதனால் முதலில் எழுத்தில் உறுதி கொடுத்து, விவசாயிகளை உட்கார வைத்துப் பேசி, ஒரு சில ஊர்களில் செய்து பார்க்க வேண்டும். வளைந்து கொடுக்க நாங்கள் தயார். ஆனால் வளைகிறவனைக் கேட்காமல் வளைத்தால் ஒடிந்துவிடும்.

மருமகன் ஊருக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு நோட்டில் நான் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டான். விதை விடும் தேதி, நடவு, களையெடுப்பு, எந்த வாரத்தில் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும் என்று வரிசையாக. "இதெல்லாம் எங்ககிட்ட இல்லை மாமா" என்றான்.

"பக்கத்து வயல்காரர்களையும் கேட்டுவிட்டுப் போ. என் மூன்று ஏக்கரை மட்டும் வைத்து முடிவு கட்டாதே" என்று சொல்லி அனுப்பினேன்.