மூலிகைத் தீவனம்: முடிவெடுப்பவர் யார்?

பண்ணையில் இறங்கும்போது கறிக்கோழிக் குஞ்சின் எடை நாற்பது கிராம். ஏறத்தாழ நாற்பது நாள்களில் அது இரண்டு கிலோவைத் தாண்டுகிறது. இந்த விரைவுக்குத் துணையாக எதிருயிரி மருந்தைச் சிறிதளவு தீவனத்தில் கலக்கும் வழக்கம் 1940களின் இறுதியில் அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் பரவியது. நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுப்பதை எவரும் குறை கூறார். நோயே இல்லாத கோழியின் எடையைக் கூட்டுவதற்காக நாள்தோறும் மருந்து ஊட்டுவதுதான் கேடு. மருந்துக்கு அடங்காத கிருமிகள் அதனால் குடலிலும் எச்சத்திலும் பெருகி, மண்ணிலும் நீரிலும் கலந்து, மனிதரின் நோய்ப்படுக்கை வரை வந்துவிட்டன.

2014இல் தில்லி வட்டாரத்தில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் ஆராய்ந்த 70 கோழியிறைச்சி மாதிரிகளில் 40 விழுக்காட்டில் எதிருயிரி எச்சம் காணப்பட்டது. வேறு மருந்து கேளாத நோயாளிக்கு இறுதிப் புகலாக வைத்திருந்த கொலிஸ்டினையும் தீவனத்தில் கலந்தோம். 2019 சூலையில்தான் நடுவண் அரசு அதற்குத் தடை விதித்தது. எடை கூட்டும் எதிருயிரிகள் அனைத்தையும் ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே விலக்கிவிட்டது.

மருந்தை விலக்கினால் அந்த இடத்தில் எதை வைப்பது? மஞ்சள், பூண்டு, இஞ்சி, துளசி, கீழாநெல்லி, நெல்லி, முருங்கையிலை ஆகியவற்றைப் பல நாட்டு ஆய்வாளர்கள் கறிக்கோழிகளுக்கு ஊட்டிப் பார்த்திருக்கின்றனர். மஞ்சளின் குர்குமின் பித்தநீர்ச் சுரப்பைத் தூண்டிக் கொழுப்பைச் செரிக்க உதவுகிறது. குடலின் அழற்சியையும் தணிக்கிறது. பூண்டின் அல்லிசின் தீய நுண்ணுயிர்களை ஒடுக்குகிறது. குடல் நலமாயிருந்தால் தின்ற தீவனம் வீணாகாமல் தசையாகிறது. தடுப்பூசிக்கு உடல் தரும் எதிர்வினையும் வலுப்படுகிறது. ஆயினும் அளவு மீறலாகாது. நார் மிகுந்த முருங்கையிலையை அளவின்றிக் கலந்தால் எடை கூடுவதற்கு மாறாகக் குறையும். வெள்ளைக்கழிச்சலுக்கும் கம்போரோவுக்கும் தடுப்பூசியை விட்டுவிட்டு மூலிகையை மட்டும் நம்புவது பேதைமை. புளியரைச் சோதனைச்சாவடியில் கேரள வண்டிகளுக்குக் கிருமிநாசினி தெளிக்க வைக்கும் பறவைக் காய்ச்சலை எந்த இலையும் தடுக்காது.

தென்காசி வட்டாரத்துக்கு இச்செய்தி ஏட்டளவில் நிற்பதன்று. சூனில் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்றும் சாரலும் இறங்கும்போது குற்றாலத்தில் மக்கள் அருவிக்கு விரைகின்றனர். அதே சாரலில் கோழிக்கொட்டகைக்காரர் பக்கப் படுதாக்களை இறக்கிக் கட்டுகிறார். படுதா இறங்கினால் காற்றோட்டம் குறைகிறது. தேங்காய் மஞ்சு பரப்பிய ஆழ்கூளம் ஈரமாகிக் கட்டிதட்டுகிறது. அம்மோனியா கண்ணைக் கரிக்கிறது. ஈரக் கூளத்தில் இரத்தக்கழிச்சல் தலைகாட்டும். குடலுக்குத் துணை மிகவும் தேவைப்படும் காலம் இதுவே.

அதே ஈரத்தால்தான் மூலிகையும் கெடுகிறது. சாரல் நாளில் நிழலில் உலர்த்திய இலை உள்ளே காயாமல் பூசணம் பிடிக்கும். பூசணத்தின் அஃப்ளாடாக்சின் ஈரலைத் தாக்கி நோய் எதிர்ப்பாற்றலையே குலைக்கும். நன்மை கருதிக் கலந்த பொடியே அப்போது நஞ்சாகிறது. ஆகவே உலர்த்தும் கூடமும் ஈரப்பத அளவையும் ஆய்வகச் சான்றும் இல்லாத மூலிகைப் பொடியைத் தீவனத்தில் அனுமதிக்கலாகாது. இலைகளுக்காக மலையைச் சூறையாடவும் கூடாது. குற்றால மலைகள் 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தைச் சேர்ந்தவை. வேண்டிய முருங்கையையும் துளசியையும் கீழாநெல்லியையும் சமவெளி உழவர் தம் வயலிலேயே விளைவிக்க முடியும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான தடை ஒன்று உண்டு. ஒப்பந்த வளர்ப்பில் குஞ்சும் தீவனமும் மருந்தும் நிறுவனத்தின் பொறுப்பு. கொட்டகையும் மின்சாரமும் தண்ணீரும் உழைப்பும் பண்ணையாளருடையவை. அவருக்குக் கிடைப்பது கிலோவுக்கு இவ்வளவு என்னும் வளர்ப்புக் கூலி. மூட்டையைப் பிரித்துத் தட்டில் கொட்டுபவர் அவர்தான். ஆனால் அதில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை. தன் தோட்டத்து மஞ்சளைக் கலந்து பார்க்க நினைத்தாலும் எடை குறைந்தால் கூலி குறையுமே என்னும் அச்சம் அவரைத் தடுக்கிறது. இவரை நோக்கி "மூலிகைக்கு மாறுங்கள்" என்று அறிவுரை கூறுவது அநீதி. மாற வேண்டியவை தீவன ஆலைகள்.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. தீவன மூட்டை ஒவ்வொன்றின் மேலும், கலந்துள்ள எதிருயிரி, மூலிகை ஆகியவற்றின் பெயரும் அளவும் தமிழில் அச்சிடப்பட வேண்டும். திருநெல்வேலி இராமையன்பட்டியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, தென்காசியின் கொட்டகைகளிலேயே சாரல் காலத்திலும் கோடையிலும் மூலிகைத் தீவனத்தைச் சோதித்து, எடை, இறப்பு, செலவு ஆகிய மூன்றையும் வெளியிட வேண்டும். அச்சோதனையில் எடை குறைந்தால் பண்ணையாளரின் கூலி இழப்பை அரசே ஏற்க வேண்டும். அடுத்த சாரலுக்கு முன் இதற்கான ஆணை பிறக்கட்டும்.