தாருக்கு இரும்பு பம்பரா? ஒரு நிமிஷம் பாஸ்!

தாரோ ஜிம்னியோ வாங்கின கையோட லடாக் ப்ளான் போட்டு, இரும்பு பம்பர், பெரிய டயர், சஸ்பென்ஷன் லிஃப்ட்னு லிஸ்ட் எழுதுறவரா நீங்க? கொஞ்சம் பொறுங்க.

புல் பார் கூடாது என 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. நிறுவனம் தந்த அடிப்படை வடிவமைப்பை மாற்றக் கூடாது என 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை. இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

இது சும்மா கெடுபிடி இல்லை. முன்னால் கூடுதல் இரும்பு இருந்தால், மோதும்போது ஏர்பேக் சரியான நேரத்தில் விரியாமல் போகலாம். வண்டியை உயர்த்தினா, வளைவுல கவிழுற ஆபத்தும் சேர்ந்தே ஏறும்.

மணல்ல சிக்கினா உங்களைக் காப்பாத்தப்போறது பம்பர் இல்லை, காற்று! டயர்ல காற்றைக் குறைச்சா, அது அகலமா பரவி மணல்ல புதையாம நகரும். நல்ல ரோடு வந்ததும் திரும்ப அடிக்க ஒரு சின்ன கம்ப்ரஸர், கூடவே டோ ரோப், மண்வெட்டி, நல்ல ஸ்டெப்னி. இதுக்கெல்லாம் வெல்டிங்கும் வேணாம், ஆர்.டி.ஓ-வுக்கு பதில் சொல்லவும் வேணாம்.

கெத்து போட்டோவுக்கு... பத்திரமா வீடு திரும்புறதுதானே டிரிப்பு?